ஊருக்கு வெளியே ஒரு ஞாயிறு

மேடு வந்தால் அக்கா முன்னால் போய்க் கண்ணுக்கு மறைந்துவிடுவாள். தங்கை முகம் சிவக்க, மூச்சு வாங்க, பின்னால் மிதித்துக்கொண்டு வருவாள். 1890-களின் பிற்பகுதியில் மான்செஸ்டரிலிருந்து ஞாயிறுதோறும் கிளம்பிய ஒரு சைக்கிள் கூட்டத்தில் இந்த இரண்டு பெண்களும் இருந்தார்கள். அக்கா கிறிஸ்டபெல், தங்கை சில்வியா. பின்னாளில் பெண்களின் வாக்குரிமைக்காகச் சிறைக்குப் போன அதே பாங்க்ஹர்ஸ்ட் சகோதரிகள்தான். அக்காவிடம் இருந்தது நல்ல ரட்ஜ் விட்வொர்த் சைக்கிள். தங்கையுடையது ஒரு தோழர் கொடுத்தது. கேஸ் பைப்பில் செய்ததைப் போலக் கனத்தது என்று சில்வியா பிற்பாடு எழுதினார். வயசுக்கும் வண்டிக்கும் சேர்த்து மூச்சு முட்டியிருக்கும்.

அந்தக் கூட்டத்தின் பெயர் கிளாரியன் சைக்கிள் கிளப். வாரக் கடைசியில் முன்பின் தெரியாதவர்களோடு சேர்ந்து சைக்கிள் மிதித்து ஊருக்கு வெளியே போய், எங்காவது டீ குடித்துவிட்டு, இருட்டுவதற்குள் திரும்புவது என்ற இன்றைய பழக்கத்துக்கு வரலாறு எழுதப் போனால் பல இடங்களில் தொடங்கலாம். நான் மான்செஸ்டரை எடுக்கக் காரணம் உண்டு. அங்கே இந்த ஜாலி சமாச்சாரம் ஒரு கட்டத்தில் ஜெயில் வரைக்கும் போனது.

கோயம்புத்தூரைத் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்று பாடப்புத்தகத்தில் படித்து வளர்ந்தவர்கள் நாம். அசல் மான்செஸ்டர் எப்படி இருந்தது என்று பெரும்பாலும் கேட்டுக்கொண்டதில்லை. பஞ்சாலைப் புகைபோக்கிகள், வரிசை வரிசையாக ஒட்டிக் கட்டிய சின்ன வீடுகள், கரிப்புகை. காற்று சுத்தமாக இருக்கும் நாளில் கிழக்கே பார்த்தால் மேட்டுநிலங்கள் தெரியும். தெரியுமே தவிர, போக நேரம் கிடையாது. 1850-ல் வந்த ஆலைச் சட்டம் ஜவுளி ஆலைகளில் பெண்களையும் சிறார்களையும் சனிக்கிழமை பிற்பகல் 2 மணிக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்றது. அவர்கள் இல்லாமல் தறி ஓடாது என்பதால் ஆண்களுக்கும் அந்த அரைநாள் கிடைத்தது. கால்பந்து, பாண்டு வாத்தியம், கடலோரத்துக்கு ரயில் சவாரி எல்லாம் அந்தச் சனிக்கிழமைப் பிற்பகலில் பிறந்தவை. 'வீக்எண்டு' என்று இன்று சாதாரணமாகச் சொல்கிறோம். அதை யாரும் தட்டில் வைத்துக் கொடுக்கவில்லை.

நேரம் வந்தது, வண்டி வரவில்லை. 1870-களின் சைக்கிளில் முன்சக்கரம் ஆள் உயரம், பின்சக்கரம் சாப்பாட்டுத் தட்டைவிடக் கொஞ்சம் பெரிது. விழுந்தால் தலைகுப்புறத்தான். காசும் துணிச்சலும் உள்ள இளைஞர்களின் விளையாட்டு அது. அவர்களும் கூட்டமாகத்தான் போனார்கள், ஆனால் பட்டாளம் போல: சீருடை, கேப்டன், துணை கேப்டன், ஏறு இறங்கு என்று ஊதிச் சொல்ல ஒரு எக்காளக்காரர். 1885-ல் ஜான் கெம்ப் ஸ்டார்லி இரண்டு சக்கரமும் ஒரே அளவில், சங்கிலியால் ஓடும் ரோவரைக் கொண்டுவந்தார். 1888-ல் டன்லப் காற்று டயர் செய்தார். இதன் பிறகுதான் எல்லாரும் ஏறக்கூடிய வண்டி என்று ஒன்று உண்டானது. அப்போதும் நல்ல புது வண்டிக்குப் பத்து பவுண்டுக்கு மேல் ஆகும். ஆலைத் தொழிலாளியின் வாரக்கூலி ஒரு பவுண்டைச் சுற்றித்தான். செகண்ட் ஹாண்ட், தவணை, நண்பன் கட்டிக்கொடுத்தது என்று எப்படியோ சேர்த்தார்கள். சில்வியாவின் கேஸ் பைப் வண்டி அந்த ரகம்.

1891 டிசம்பரில் மான்செஸ்டரிலிருந்து 'கிளாரியன்' என்ற வாரப் பத்திரிகை வரத் தொடங்கியது. கிளாரியன் என்றால் எக்காளம். ஆசிரியர் ராபர்ட் பிளாட்ச்ஃபோர்ட், ஒரு காலத்தில் பட்டாளத்தில் இருந்தவர். சோசலிசப் பத்திரிகைதான், ஆனால் அன்றைய சோசலிசப் பத்திரிகைகளைப் போல வறண்டதல்ல. நகைச்சுவை, நாடக விமர்சனம், விளையாட்டு எல்லாம் இருந்தன. அரசியல் பேசுகிறவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் இருக்க வேண்டுமா என்ன என்பது பிளாட்ச்ஃபோர்டின் கட்சி. அவர் எழுதிய 'மெர்ரி இங்கிலாந்து' ஒரு பென்னி பதிப்பாக லட்சக்கணக்கில் விற்றது. பத்திரிகையைச் சுற்றிப் பாட்டுக் குழுக்கள், கைவினைக் குழுக்கள், சேரிக் குழந்தைகளுக்குச் சாப்பாடு போட்டு விளையாட்டுக் காட்டிய சிண்டரெல்லா கிளப்புகள் என்று ஒவ்வொன்றாக முளைத்தன.

சைக்கிள் கிளப் முளைத்தது மான்செஸ்டரில் அல்ல, பர்மிங்ஹாமில். 1894 பிப்ரவரியில் டாம் க்ரூம் உள்ளிட்ட சில இளைஞர்கள் பாண்ட் தெருவில் இருந்த லேபர் சர்ச்சில் கூடினார்கள். சர்ச்சுக்குப் போகிற நாளில் சைக்கிள் மிதிப்பதா என்று பாதிரிமார்கள் கொதித்துக்கொண்டிருந்த காலம் அது. இவர்களுக்கோ தொழிலாளர்களுக்கென்றே தனியாக ஒரு சர்ச் இருந்தது, சைக்கிள் கிளப்பும் அதற்குள்ளேயே பிறந்தது. முதலில் வைத்த பெயர் சோசலிஸ்டுகள் சைக்கிள் கிளப். அடுத்த கூட்டத்திலேயே தங்களுக்குப் பிடித்த பத்திரிகையின் பெயருக்கு மாற்றிவிட்டார்கள். அந்த வருட ஈஸ்டர் விடுமுறையில் ஒரு பயணம் போனார்கள். செய்தி பத்திரிகையில் வர, மற்ற ஊர்களிலும் ஆள் சேர்ந்தது. 1895 ஈஸ்டருக்கு டெர்பிஷையரின் ஆஷ்போர்ன் என்ற சிற்றூரில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் சைக்கிளிலேயே வந்து கூடி, தேசிய அளவில் ஒரே சங்கம் ஆனார்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். பர்மிங்ஹாம் கிளார்க் ஒருவரும் ஸ்டோக் குயவர் ஒருவரும் வழியில் எதிரெதிரே வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பேர் தெரியாது. ஒருவர் "பூட்ஸ்!" என்று கத்துவார். மற்றவர் "ஸ்பர்ஸ்!" என்பார். அவ்வளவுதான், நம்மாள் என்று தெரிந்துவிடும். குழந்தைத்தனமாகத்தான் இருக்கிறது. ஆனால் பெருநகரத்துக்குப் புதிதாக வேலைக்கு வந்து, ஒற்றை அறையில் தங்கி, ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வதென்று தெரியாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களுக்கு இந்தக் கத்தலின் விலை தெரியும். கட்சியில் சேர்வதற்குக் கொள்கை புரிய வேண்டும். கிளப்பில் சேர்வதற்குப் பஞ்சர் ஒட்டத் தெரிந்தால் போதும், தெரியாவிட்டாலும் யாராவது ஒட்டிக் கொடுப்பார்கள். பையில் துண்டுப் பிரசுரங்களோடு போய், வழியில் உள்ள கிராமங்களில் விநியோகித்து, சந்தையில் நின்று பேசவும் செய்தார்கள். பிரசாரத்துக்காக சைக்கிளா, சைக்கிளுக்காகப் பிரசாரமா என்ற சண்டை அவர்களுக்குள்ளேயே இருந்தது. ரெண்டாவதுதான் உண்மை என்பது என் எண்ணம். அதில் தப்பும் இல்லை. நாலு ஞாயிறு சேர்ந்து நனைந்தவர்கள்தான் அஞ்சாவது ஞாயிறு சேர்ந்து நின்றார்கள்.

தங்குமிடங்களும் கட்டினார்கள். மான்செஸ்டருக்குத் தெற்கே ஹேண்ட்ஃபோர்த்தில் 1903-ல் ஒரு கிளப் வீடு வந்தது. வடக்கே நெல்சன் என்கிற நெசவு ஊரின் தொழிலாளர்கள் பெண்டில் மலையடிவாரத்தில் 1912-ல் கட்டிய கிளாரியன் ஹவுஸ் இன்றும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் திறக்கிறார்கள். நடந்தும் மிதித்தும் வருகிறவர்களுக்குப் பெரிய குவளையில் டீ. மற்றவை எல்லாம் போய் இது ஒன்றுதான் மிச்சம்.

ஞாயிறு யாருக்கெல்லாம் ஞாயிறாக இருந்தது என்றும் பார்க்க வேண்டும். கிளாரியன் பெண்களைச் சேர்த்துக்கொண்டது, அந்தக் காலத்துக்கு அது பெரிய விஷயம். கால்சட்டை மாதிரி உடை போட்டுக்கொண்டு சைக்கிளில் போன பெண்களைத் தெருவில் கேலி செய்துகொண்டிருந்த வருடங்கள் அவை. கூட்டமாகப் போனதால் சமாளித்தார்கள். ஆனால் வந்தவர்கள் யார்? பாங்க்ஹர்ஸ்ட் பெண்களின் அப்பா வழக்கறிஞர். அதே வட்டாரத்தில் இருந்த ஹன்னா மிட்செல் வேறு கதை சொல்கிறார். டெர்பிஷையர் மலைப்பண்ணையில் பிறந்து, அம்மாவின் கொடுமை தாங்காமல் பதின்வயதில் வீட்டைவிட்டு ஓடி, தையல் வேலை செய்து பிழைத்து, சோசலிஸ்டாகி, பின்னர் மான்செஸ்டர் மாநகராட்சி உறுப்பினர் ஆனவர். 'தி ஹார்ட் வே அப்' என்ற அவருடைய தன்வரலாறு அவர் இறந்த பிறகு 1968-ல் வந்தது. விடுதலை பற்றி வாய் ஓயாமல் பேசும் சோசலிஸ்ட் ஆண்களும் ஞாயிறானால் வீட்டில் சுடச்சுடச் சாப்பாட்டையும் மாலை டீக்குப் பலகாரத்தையும் எதிர்பார்த்தார்கள் என்று அதில் கசப்போடு எழுதுகிறார். ஊரெல்லாம் மலையைப் பார்க்கக் கிளம்பிய நாளில், மலையில் பிறந்த பெண் அடுப்படியில் நின்றிருக்கிறார். சைக்கிள் பெண்ணை விடுவித்தது என்று அடிக்கடி சொல்கிறோமே, அந்த வாக்கியத்தைக் கொஞ்சம் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

சைக்கிள் இல்லாதவர்களுக்கு ஊருக்குள்ளேயே பூங்காக்கள் இருந்தன. மான்செஸ்டரின் வடக்கே பாகர்ட் ஹோல் க்ளஃப் என்ற மரங்கள் அடர்ந்த பள்ளத்தாக்கு, மாநகராட்சிப் பூங்கா. அங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் சுயேச்சைத் தொழிலாளர் கட்சிக்காரர்கள் கூட்டம் போடுவார்கள். 1896-ல் மாநகராட்சி திடீரென்று தடை போட்டது. காற்று வாங்க வரலாம், பேசக் கூடாது. பேசினவர்கள் மேல் அபராதம் விழுந்தது. கட்ட மறுத்த லியோனார்ட் ஹாலும் ஃப்ரெட் ப்ரோக்கில்ஹர்ஸ்ட்டும் சிறைக்குப் போனார்கள். அடுத்த ஞாயிறு கூட்டம் இரண்டு மடங்கானது. அதற்கடுத்த ஞாயிறு ஆயிரக்கணக்கில் வந்தார்கள். கிறிஸ்டபெல், சில்வியாவின் அம்மா எம்மலின் பாங்க்ஹர்ஸ்ட் மேடையேறிப் பேசினார். குடையை விரித்துத் தலைகீழாக மண்ணில் குத்திவைத்துச் சில்லறை வசூலித்தார். கடைசியில் மாநகராட்சிதான் இறங்கி வந்தது. அந்தப் பெண்கள் சைக்கிள் மிதிக்கத் தொடங்கியதும் ஏறக்குறைய இந்தக் காலத்தில்தான். பொது இடம் என்று போர்டு வைத்த இடத்திலும் அனுமதி என்று ஒன்று ஒளிந்திருக்கிறது என்பதை வீட்டிலேயே பார்த்துவிட்டார்கள்.

அனுமதி என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு இனி மலைக்குப் போகலாம்.

மான்செஸ்டருக்கும் ஷெஃபீல்டுக்கும் நடுவில் கின்டர் ஸ்கவுட் என்ற மேட்டுநிலம் இருக்கிறது. உயரம் 636 மீட்டர், நம் கொல்லிமலையைவிடக் குறைவு. மேலே கறுப்பு மண், சதுப்பு, புதர்ச்செடி. இந்தப் பக்கம் பஞ்சாலை ஊர், அந்தப் பக்கம் எஃகு ஊர். இரண்டு ஊர் ஜனமும் மூச்சுவிட எட்டிப் பார்க்கும் இடம். 1836-ல் அது வேலியடைக்கப்பட்டுத் தனியார் கைக்குப் போனது. 20-ஆம் நூற்றாண்டில் பெரும்பகுதி டெவன்ஷையர் பிரபுவுடையது. ஆகஸ்ட் 12-ல் தொடங்கும் பருவத்தில் கௌதாரி மாதிரியான க்ரவுஸ் பறவைகளை வேட்டையாடுவார்கள். மீதி நாளெல்லாம் பறவைகள் கலையாமல் இருக்க வேண்டும், அதற்குத் தடியோடு காவலாட்கள். அத்துமீறுவோர் மேல் வழக்குத் தொடரப்படும் என்று பலகைகள். சும்மா நடந்து போவது அங்கே கிரிமினல் குற்றமே அல்ல, சேதம் இல்லாவிட்டால் வழக்கும் நிற்காது. அதனால் நடப்பவர்கள் அந்தப் பலகைகளுக்கு மரப்பொய்யர்கள் என்று பெயர் வைத்தார்கள்.

ஷெஃபீல்டில் ஜி.ஹெச்.பி. வார்ட் என்ற எஞ்சினியரிங் தொழிலாளி 1900-ல் கிளாரியனில் ஒரு விளம்பரம் போட்டார்: நடக்க வருகிறீர்களா? செப்டம்பர் 2, ஞாயிறு. 14 பேர் வந்தார்கள். கின்டரைச் சுற்றி சுமார் 20 மைல் நடந்தார்கள். அப்படித்தான் ஷெஃபீல்டு கிளாரியன் ராம்ப்ளர்ஸ் பிறந்தது. வருடாவருடம் சட்டைப்பைக்குள் அடங்கும் ஒரு கையேடு போட்டார்கள்: எந்த ஞாயிறு எங்கே, எந்த ரயில், யார் வழிநடத்துவது. அந்தக் கையேட்டிலேயே எந்தப் பாதை யாரால் எப்போது அடைக்கப்பட்டது என்ற வரலாறும் வந்துகொண்டிருந்தது.

பிளாட்ச்ஃபோர்ட் 1914-ல் போரை ஆதரித்தார். வாசகர்கள் விலகினார்கள், பத்திரிகை தேய்ந்து 1930-களின் தொடக்கத்தில் நின்றே போனது. கிளப் மட்டும் நிற்கவில்லை. அதில் ஒரு பையன் சேர்ந்திருந்தான். பென்னி ராத்மன், மான்செஸ்டரின் சீதம் பகுதி, ருமேனியாவிலிருந்து வந்த யூதக் குடும்பம். படிப்பில் கெட்டி, ஆனால் வீட்டு நிலைமையால் 14 வயதில் வேலைக்குப் போனவன். பழைய உதிரிபாகங்களை வாங்கித் தானே ஒரு சைக்கிள் கட்டினான். மலிவு விலை வரைபடம் ஒன்றை வைத்துக்கொண்டு அதில் தனியாக வேல்ஸ் வரைக்கும் போய் ஸ்னோடன் மலையில் ஏறினான். கம்யூனிஸ்ட் இளைஞர் சங்கத்திலும் சேர்ந்தான். கட்சிக்கு முன்பே சைக்கிள் வந்துவிட்டது என்பதைக் கவனிக்க வேண்டும்.

1932 ஈஸ்டர். வேலையில்லாத் திண்டாட்டத்தின் உச்சம். தொழிலாளர் விளையாட்டுக் கூட்டமைப்பு டெர்பிஷையரின் ரோவார்த்தில் கூடாரம் அடித்திருந்தது. லண்டனிலிருந்தும் சிலர் வந்திருந்தார்கள். ஒரு சின்னக் குழு பக்கத்து மேட்டுநிலத்துக்கு நடக்கப் போனது. காவலாட்கள் தடியைக் காட்டித் திட்டித் துரத்தினார்கள். கூடாரத்துக்குத் திரும்பி உட்கார்ந்து பேசினபோது கிடைத்த முடிவு மிக எளிது. பத்துப் பேர் போனதால் துரத்தினான், நானூறு பேர் போனால் என்ன செய்வான்?

ஏப்ரல் 24, ஞாயிறு. பத்திரிகைகளில் முன்கூட்டியே அறிவித்துவிட்டார்கள், அதனால் போலீஸுக்கும் தெரியும். மான்செஸ்டர் ரயில் நிலையத்தில் ராத்மனைப் பிடிக்கத் தடை உத்தரவோடு காத்திருந்தார்கள். ராத்மன் ரயிலில் வரவில்லை. நண்பனோடு சைக்கிளில் ஹேஃபீல்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார். அங்கே ஊர் மைதானத்தில் கூட்டம் போடக் கூடாது என்று ஒரு விதியைத் தூக்கிக் காட்டினார்கள், பாகர்ட் ஹோல் க்ளஃப் கதைதான். கூட்டம் அப்படியே நகர்ந்து பௌடன் பாலத்துக்குப் பக்கத்தில் உள்ள கைவிடப்பட்ட கல்குவாரிக்குப் போனது. பேச வேண்டியவர் பேசவில்லை. 20 வயது ராத்மன் பாறைமேல் ஏறிப் பேசினார். 400, 500 பேர் மலையேறினார்கள். சரிவில் காவலாட்களோடு தள்ளுமுள்ளு, ஒருவருக்கு அடிபட்டது. மேலே ஷெஃபீல்டு பக்கமிருந்து ஏறி வந்த இன்னொரு குழுவைச் சந்தித்துக் கைகுலுக்கிவிட்டு இறங்கினார்கள். உண்மையில் கின்டரின் உச்சிப்பரப்புக்கு அவர்கள் போகவே இல்லை. கொஞ்ச தூரம் அத்துமீறினார்கள், அவ்வளவுதான்.

ஹேஃபீல்டில் போலீஸ் காத்திருந்தது. வழக்கு அத்துமீறலுக்காக அல்ல, அதற்குச் சட்டத்தில் இடமில்லையே. கலகக் கூட்டம், தூண்டுதல் என்று போட்டார்கள். டெர்பியில் விசாரணை. வழக்கை எடுத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்த ஜூரி நிறைய ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரிகளும் நிலக்கிழார்களும். எதிரே மான்செஸ்டரின் வேலையில்லாப் பையன்கள், பாதிப் பேர் யூதப் பெயர்க்காரர்கள். ஐந்து பேருக்கு 2 முதல் 6 மாதம் வரை சிறை. ராத்மனுக்கு 4.

இந்த ஒரு ஞாயிறுதான் இங்கிலாந்தின் மலைகளைத் திறந்தது என்று சொல்வது சுகமான கதை. அப்போதே மான்செஸ்டரின் நடைப்பயணக் கூட்டமைப்பு இந்த முயற்சியை எதிர்த்தது. பல வருடமாகப் பொறுமையாக நடந்துவரும் பேச்சுவார்த்தை கெட்டுப்போகும் என்றது. பிற்பாடு பென்னைன் வே என்ற நெடும்பாதைக்குக் காரணமான டாம் ஸ்டீஃபன்சனும் இந்த அத்துமீறலால் பெரிய பயன் இல்லை என்றே கருதினார். அவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. வார்டைப் போன்றவர்கள் முப்பது வருடம் கையேடு போட்டு, வழக்கு நடத்தி, பாதை பாதையாக மீட்டதைச் செய்தியாக்க யாரும் வரவில்லை. ஆனால் தண்டனைதான் ஊரை உலுக்கியது. நடந்ததற்குச் சிறையா? எதிர்த்தவர்களே இதைக் கேட்டார்கள். அந்தக் கோடையில் காஸில்டன் அருகே வின்னட்ஸ் கணவாயில் நடந்த கூட்டத்துக்கு ஆயிரக்கணக்கானோர் வந்தார்கள். பொறுமைக்காரர்களின் கோப்பும் அவசரக்காரர்களின் சிறையும் ஒன்றையொன்று பிடிக்காமலேயே ஒன்றுக்கொன்று உதவின.

மீதி சட்ட வரலாறு. 1949-ல் தேசியப் பூங்காக்கள் சட்டம். 1951-ல் பீக் டிஸ்ட்ரிக்ட் நாட்டின் முதல் தேசியப் பூங்கா. 2000-ல் மேட்டுநிலங்களில் பாதை இல்லாத இடத்திலும் நடக்கும் உரிமை. அது நடைமுறைக்கு வந்தது 2004 செப்டம்பரில், அதே வட்டாரத்தில். அந்த உரிமை கால்நடையாகப் போகிறவர்களுக்கு மட்டும்தான், சைக்கிளுக்கு இல்லை. சைக்கிளில் வந்து வாங்கிக் கொடுத்தவர்கள் வண்டியை அடிவாரத்தில் நிறுத்திவிட்டுத்தான் ஏற வேண்டும். கிளாரியன் சைக்கிள் கிளப் இன்னும் ஓடுகிறது. தன் விதிகளிலிருந்து 'சோசலிசம்' என்ற சொல்லை 2021-ல் எடுத்துவிட்டது, அதற்கு உள்ளேயே பெரிய சண்டையும் நடந்தது. பெயரைப் பற்றி டாம் க்ரூம்கள் இரண்டாவது கூட்டத்திலேயே மாற்றிப் பேசியவர்கள்தானே.

ராத்மன் பிறகு எஞ்சினியரிங் தொழிலாளியாக, தொழிற்சங்கக்காரராக வாழ்ந்தார். முதுமையிலும் பாதை உரிமைக் கூட்டங்களுக்கு வந்துகொண்டிருந்தார். 2000-ஆம் ஆண்டுச் சட்டம் நிறைவேறியதைப் பார்த்தார். 2002 ஏப்ரலில் அத்துமீறலின் 70-ஆம் ஆண்டு நினைவுக்கு பௌடன் பாலத்தருகே கூடினார்கள். டெவன்ஷையரின் 11-ஆவது பிரபு வந்திருந்தார். தன் தாத்தா காலத்தில் நடந்ததற்காக எல்லார் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்டார். ராத்மன் அங்கே இல்லை. மூன்று மாதம் முன்பு, ஜனவரியில், 90 வயதில் இறந்துபோயிருந்தார்.